ஆயில் சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிகிறதா? என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் செய்ய வேண்டியவை

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. பழைய பெட்ரோல் கார், வாங்கி ஐந்து மாதம். ஆயில் மாற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒர்க்ஷாப்பில் எதையும் பார்க்காமல் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினார்கள். விளக்கு அணையவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில், "ப்ரஷர் போயிடுச்சு சார், என்ஜின் பிரிக்கணும், 65,000 ஆகும்" என்றார்கள்.

பதினோரு நாள் கழித்துத் தெரிந்தது, கெட்டுப்போனது அந்த விளக்கை எரியவைக்கும் 420 ரூபாய் ஆயில் ப்ரஷர் ஸ்விட்ச் ஒன்று மட்டும். அந்தப் பதினோரு நாளில் நான் தூங்கிய நேரம் குறைவு. முதல் கார் வாங்கியிருப்பவர்களுக்கு, அதிலும் பழைய கார் வாங்கியிருப்பவர்களுக்கு, இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கேஜ் (ஆயில் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி) வைத்து அளக்கும்வரை சிவப்பு விளக்கு உண்மை சொல்வதாகவே நடந்துகொள்ள வேண்டும். அதே கேஜ் வைத்து அளக்கும்வரை என்ஜினைப் பிரிக்கவும் விடக் கூடாது.

1. எரிவது எந்த விளக்கு என்று பாருங்கள்

இரண்டு விளக்குகள் உண்டு. இரண்டையும் "ஆயில் லைட்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பு நிறத்தில், மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையும் நுனியில் ஒரு சொட்டும் இருந்தால் அது ஆயில் ப்ரஷர் விளக்கு. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம் போதுமா என்பதை மட்டுமே சொல்லும்.

மஞ்சள் நிறத்தில் அதே குவளை, அடியில் அலை போன்ற கோடு இருந்தால் அது ஆயில் அளவு விளக்கு. எல்லா கார்களிலும் இது இருக்காது. சிறிய கார்கள் பலவற்றில் சிவப்பு மட்டும்தான்.

மஞ்சள் எரிந்தால் ஓரமாக நிறுத்தி அளவு பார்க்க அவகாசம் உண்டு. சிவப்புக்கு அவகாசமே கிடையாது. எரியும்போதே கைபேசியில் படமோ வீடியோவோ எடுத்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டே அல்ல, வண்டி நின்ற பிறகு. ஒர்க்ஷாப் வாசலுக்குப் போனதும் விளக்கு எரியாமல் மானத்தை வாங்கும். அப்போது அந்த வீடியோதான் உங்கள் சாட்சி.

2. சிவப்பு என்றால் என்ஜினை அணையுங்கள்

"பக்கத்துலதான் பங்க், அதுவரை போயிடலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். அழுத்தம் உண்மையிலேயே இல்லையென்றால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் அடிவாங்கச் சில நிமிடங்கள் போதும். பிறகு அந்த 65,000 நிஜமாகிவிடும்.

நம் பக்கத்துச் சாலைகளில் எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை, மாதவரம் 200 அடி சாலை எதுவானாலும் டிரெய்லர் ஓட்டுபவருக்கு உங்கள் சிறிய கார் கடைசி நேரத்தில்தான் தெரியும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, இடது ஓரத்துக்கு உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரும் இறங்கி நடைபாதைப் பக்கம் போய்விடுங்கள். என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனமாகும், அதற்குத் தயாராக இருங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், வண்டி நிற்கும்வரை எடுக்க வேண்டாம்.

விளக்கோடு சேர்ந்து என்ஜின் அடியிலிருந்து "டக் டக்" என்று தட்டும் ஓசையோ, மேலிருந்து கடகடப்போ கேட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். நேராக ரெக்கவரி வண்டி. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பார்த்து, அந்த எண்ணைக் கைபேசியில் பதிந்துவையுங்கள். நான் அதைப் பார்க்காமல் தனியார் வண்டிக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். பிறகு பாலிசியைப் புரட்டினால், அந்த உதவிக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தேன்.

3. ஆயில் ஸ்டிக்கைச் சரியாகப் படியுங்கள்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மேம்பாலச் சரிவிலோ, ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறியோ நின்றால் கணக்கு தப்பும். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கட்டும். ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. இரு கோடுகளுக்கும் நடுவில் எங்கிருந்தாலும் சரி.

பார்ப்பதோடு நிறுத்தாமல் விரலில் தேய்த்து முகர்ந்தும் பாருங்கள்.

கறுப்பாக இருப்பது குற்றமில்லை, ஓடிய ஆயில் கறுக்கத்தான் செய்யும். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்து, தண்ணீர் போல ஓடினால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. அது அழுத்தத்தை உண்மையிலேயே குறைக்கும். டீயில் பால் கலந்த நிறம் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்கு இல்லை, ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் முங்கின. பழைய வண்டி வாங்குபவர்கள் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தில் அந்தப் பால் கலந்த நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறையையும் தேடுங்கள்.

மேல் கோட்டையும் தாண்டி ஆயில் இருப்பதும் ஆபத்துதான். எனக்கு நடந்தது அதுதான். விளக்கு எரிகிறது என்றதும் அளவு பார்க்காமல் ஊற்றிய அந்த ஒரு லிட்டர், ஏற்கெனவே சரியாக இருந்த அளவை மேல் கோட்டுக்கு வெகு மேலே கொண்டுபோனது. கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும், நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது, சீல்கள் வழியாகவும் கசியும். கூடுதலானதை வடித்து எடுக்க வேறொரு இடத்தில் 250 ரூபாய் ஆயிற்று. சிறிய கார்களில் இரு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டரோ அதற்கும் குறைவாகவோதான் இடம். குறைந்திருந்தால் 200 மில்லி ஊற்றுங்கள், பொறுங்கள், பாருங்கள். தேவைப்பட்டால் மறுபடி. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடச் சொல்லாதீர்கள், கேனில் வாங்கி பழைய ஆயில் எடுப்பவரிடம் சேருங்கள். நம் கால்வாய்கள் வாங்கிய எண்ணெய் போதும்.

4. எப்போது எரிகிறது என்று எழுதிவையுங்கள்

அளவும் நிறமும் சரி, ஓசையும் இல்லை. இனி எரிந்த நேரங்களை நினைவுபடுத்தி எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததுமா? சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போதா? ஓடும்போது விட்டுவிட்டா? மழைக்குப் பிறகா? சாவியைத் திருப்பியதிலிருந்து அணையாமலா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி எரிந்து அணைந்தால், ஆயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் இரவெல்லாம் ஆயில் வடிந்துபோகாமல் தடுக்கும் வால்வு இருக்கும். போலி ஃபில்டரில் அது சரியாக வேலை செய்யாது. நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலை) மட்டும் மினுக்கினால், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஸ்விட்ச் பழுதாக இருக்கலாம், உண்மையிலேயே அழுத்தம் குறைந்தும் இருக்கலாம். இதை வைத்து மட்டும் யாராலும் முடிவு சொல்ல முடியாது. என் கார் இந்த வகைதான், "பிரிக்கணும்" என்று சொன்னவர்களும் இதை வைத்தே சொன்னார்கள்.

கடைசியாக ஆயில் மாற்றிய பில்லையும் தேடி எடுங்கள். காரோடு வந்த புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று ஆயிலின் கெட்டித்தன்மைக்கான கிரேடு போட்டிருந்து, வேறு கிரேடு ஊற்றியிருந்தால், அதை முதலில் சரிசெய்வது மலிவான வேலை.

5. கப்ளரைக் கழற்றிச் சோதியுங்கள்

ஆயில் ப்ரஷர் ஸ்விட்ச் பெரும்பாலும் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் என்ஜினில் திருகியிருக்கும். பல கார்களில் ஒற்றை ஒயர்தான் வரும், அதை ஸ்விட்சில் மாட்டும் பிளக்தான் கப்ளர். அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்ச் அந்த ஒயரை என்ஜின் உடலோடு சேர்த்து எர்த் ஆக்கும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் விட்டுவிடும், விளக்கு அணையும். இவ்வளவுதான் அதன் வேலை.

என்ஜின் ஆறிய பிறகு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் வேண்டாம். விளக்கு எரியும், எரியத்தான் வேண்டும். இப்போது கப்ளரைக் கழற்றுங்கள்.

விளக்கு அப்போதும் எரிந்தால் ஒயர் வழியில் எங்கோ உரிந்து என்ஜினையோ பாடியையோ தொடுகிறது. இரவில் தெருவில் நிற்கும் வண்டிகளில் இதைச் செய்வது பெரும்பாலும் எலி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால் ஒயரைத் தேடி டேப் சுற்றி முடித்துவிடுவார்.

விளக்கு அணைந்தால் ஒயர் நல்லது. மீதி இருப்பது இரண்டே: ஸ்விட்ச், அல்லது உண்மையான அழுத்தக் குறைவு. கப்ளருக்குள் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்விட்சின் உள்தகடு கிழிந்து ஆயில் ஒழுகுகிறது, மாற்ற வேண்டியதுதான். என் கப்ளருக்குள் ஆயில் நின்றது. அந்த இரண்டாவது ஒர்க்ஷாப்பில் யாரும் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

புதிய கார்கள் சிலவற்றில் இந்த ஸ்விட்ச் என்ஜின் கம்ப்யூட்டரோடு பேசும், சோதனை இதே மாதிரி அமையாது. இரண்டு மூன்று ஒயர் வந்தால் கழற்ற வேண்டாம், ஸ்கேனர் (என்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) உள்ள இடத்துக்குப் போங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கப்ளரைக் கழற்றி அப்படியே விட்டுவிட்டு, "லைட் போயிடுச்சு சார்" என்று வண்டியைக் கொடுப்பவர்கள் உண்டு. விளக்கு போய்விட்டது, காவலும் போய்விட்டது. அதனால் எந்த வண்டியை எடுத்தாலும், வாங்கப் போகும் வண்டியானாலும், சாவியை ஆன் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் யாரோ கழற்றியிருக்கலாம், அல்லது கப்ளர் துருப்பிடித்துத் தொடர்பு விட்டிருக்கலாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இந்தத் துரு நிஜமான தொல்லை. பொய்யாக எரியும் விளக்கைவிட எரியவே எரியாத விளக்குக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

6. கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்

இதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் இந்தக் கட்டுரையே. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஒரு ப்ரஷர் கேஜைத் திருகி, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று நேரடியாகப் பார்ப்பது. அரை மணி நேர வேலை. எனக்கு இதைச் செய்தவர் மூலக்கடைப் பக்கம் தனியாகக் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக். 500 ரூபாய் வாங்கினார். "தம்பி, காய்ச்சல்னா முதல்ல தர்மாமீட்டர் வைப்பாங்களா, வயித்தை அறுப்பாங்களா?" என்று கேட்டார்.

வண்டியைக் கொண்டுபோகும் முன் கைபேசியில் கேளுங்கள்: "ஆயில் ப்ரஷர் பார்க்க மெக்கானிக்கல் கேஜ் இருக்கா? என் காருக்கு அடாப்டர் இருக்கா?" அடாப்டரின் மரை பொருந்தாவிட்டால் வேலை நடக்காது. ஸ்கேனரில் பார்த்தாயிற்று என்றால் போதாது. ஆன், ஆஃப் மட்டுமே தெரிந்த ஸ்விட்ச் உள்ள காரில் ஸ்கேனருக்கு அழுத்தத்தின் அளவு தெரியவே தெரியாது.

அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கேஜின் குழாய் ஃபேன் பெல்ட்டிலும் சூடான சைலன்சர் குழாயிலும் படக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறவே இல்லையென்றால் உடனே அணைக்க வேண்டும், அங்கே கோளாறு உண்மை. ஏறினால், ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை சூடேற விடுங்கள். ஆறிய என்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த என்ஜினும்கூட நல்ல அழுத்தம் காட்டலாம், அந்த எண்ணை நம்ப வேண்டாம். சூடான பிறகு ஐடிலில் ஒன்று, 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றுகள்) ஒன்று, இரண்டு எண்களையும் படம் எடுங்கள்.

உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுதான் தீர்ப்பு. மெக்கானிக்குகள் பொதுவாகக் கையாளும் கணக்கு, ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). விளக்கை எரியவைக்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐக்குள் வேலை செய்யும். என் கார் சூடான ஐடிலில் 18, 2,500-ல் 47 காட்டியது. அந்த முள்ளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எண் குறைவாக வந்தாலும் நேராக என்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் சரியான கிரேடு ஆயில், அசல் ஃபில்டர். பிறகு அடியிலுள்ள ஆயில் சேம்பரை (ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றி வடிகட்டியில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் பம்ப். பேரிங் கடைசியில்தான்.

7. ஸ்விட்ச் மாற்றும்போது

வண்டி எண்ணை மட்டும் சொல்லி ஸ்விட்ச் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைச் சொன்னால் சரியான பாகம் வரும். கம்பெனி பாகம் விற்கும் கடையில் கிடைக்காவிட்டால் சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போகலாம். மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய ஸ்விட்சைக் கையில் கொண்டுபோய் மரையையும் கப்ளர் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவுதான், ஆனால் என்ஜினைக் காக்கும் இந்த ஒரு பொருளைப் பழையதாக வாங்காதீர்கள்.

ஸ்விட்ச் தன் மரை வழியாகத்தான் எர்த் ஆகிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் எர்த் கெட்டு விளக்கு எரியாமல் போகலாம். மிகையாக முறுக்கினாலும் மரை விரியும். கப்ளருக்குள் நின்ற ஆயிலைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்ட விடாதீர்கள்.

8. மஞ்சள் விளக்கு மட்டும் என்றால்

ஸ்டிக்கில் அளவு சரி, மஞ்சள் மட்டும் எரிகிறது என்றால் முதலில் வண்டி நின்ற சரிவைச் சந்தேகியுங்கள். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தும் எரிந்தால் ஆயில் சேம்பரில் உள்ள அளவு சென்சாரையும் அதன் கப்ளரையும் பார்க்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு வந்த விளக்கு என்றால் கப்ளரில் ஈரம். கழற்றி உலர்த்தினாலே தீரலாம். பல கார்களில் சென்சாரை மாற்ற ஆயிலை வடிக்க வேண்டும், அடுத்த ஆயில் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் செலவு மிச்சம். அதுவரை வாரம் ஒருமுறை ஸ்டிக்கைப் பாருங்கள்.

9. காகிதங்கள்

வண்டியை விடும்போதே ஜாப் கார்டு (என்ன வேலைக்காக வண்டியை விடுகிறோம் என்று எழுதும் சீட்டு) கேளுங்கள். அதில் "விளக்கு எரிகிறது, காரணம் கண்டறியவும்" என்று எழுதச் சொல்லுங்கள். "என்ஜின் வேலை" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் கேஜ் எண்களையும் எழுதி வாங்குங்கள்.

வாரண்டி இன்னும் இருக்கும் கார் என்றால் ஐந்தாவது படியையே செய்யாதீர்கள், வெளியாள் கை வைத்தார் என்று வாரண்டியை மறுக்க அது காரணமாகிவிடும். ஆர்.சி. நகல், வாரண்டித் தாள், இதுவரை செய்த சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். தானாக வரும் இயந்திரக் கோளாறுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. கல்லில் இடித்து ஆயில் சேம்பர் உடைந்தால் அந்த உடைசலுக்குக் கிடைக்கலாம். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டி என்ஜின் இறுகினால், என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாமல் கிடைப்பது கடினம்.

யாராவது தேவையில்லாத வேலை செய்து பணம் வாங்கிவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மேலே சொன்ன காகிதங்கள் இல்லாமல் அங்கே எதுவும் நிற்காது.

10. எனக்கான செலவும் நாட்களும்

ரெக்கவரி 1,800. தேவையில்லாத ஆயில் 450, அதை வடிக்க 250. கேஜ் சோதனை 500. ஸ்விட்ச் 420. கூலியும் கிளீனரும் 300. மொத்தம் 3,720 ரூபாய். இதில் 2,500 என் அவசரத்துக்கும் தெரியாமைக்கும் போனது, தேவையான செலவு 1,220 மட்டும். பதினோரு நாளில் ஒன்பது நாள் என்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்ற யோசனையில் போயிற்று. கேஜ் சோதனை ஒரு காலை, ஸ்விட்ச் வாங்கி மாட்டியது மறுநாள் மதியம்.

மாற்றிய பிறகு ஒரு வாரம், இரவில் வண்டிக்கடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவையுங்கள். காலையில் ஸ்விட்சுக்கு நேர்கீழே சொட்டு இருந்தால் மரை சரியாக உட்காரவில்லை, அன்றே எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஸ்டிக்கையும் தினம் ஒருமுறை பாருங்கள். கேஜ் எண்கள் எழுதிய பில்லின் நகலை ஆர்.சி.யோடு சேர்த்து டேஷ்போர்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை எங்காவது விளக்கு எரிந்தால், வரும் மெக்கானிக்கிடம் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.